சவேரியார்: ஒரு பெயர், பல ஊர்கள், சில போர்கள்

சவேரியார், சேவியர், சவரிமுத்து, சவரிராயன், சவேரிநாதன் என்று தமிழில் வழங்கும் பெயர்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. பிரான்சின் தென் எல்லையை ஒட்டி இருந்த நவார் என்னும் சிறு அரசில், சங்குவேசா ஊருக்கு அருகே நின்ற ஒரு கோட்டையின் பெயர் அது. பாஸ்க் மொழியில் புதிய வீடு என்ற பொருளுடைய ‘எச்சே பெரி’ திரிந்து அந்தப் பெயர் உண்டாயிற்று. ஸ்பானியர் அதை ‘ஹவியேர்’ என்றும், பிரெஞ்சுக்காரர் ‘க்சவியே’ என்றும், போர்த்துகீசியர் ‘ஷவியேர்’ என்றும் ஒலிக்கின்றனர். தமிழகத்தின் தென்கிழக்குக் கடற்கரையான முத்துக்குளித்துறையை எட்டியது போர்த்துகீசிய ஒலிப்பு. தமிழ் நாவில் அது ‘சவேரி’ ஆகி, மரியாதை விகுதி சேர்ந்து ‘சவேரியார்’ என நிலைத்தது. இந்தக் கடற்கரையில் அப்பெயர் முதலில் காலூன்றிய இடங்களில் ஒன்று, திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தை அடுத்த மணப்பாடு.

கோட்டையும் குடும்பமும்

பிரான்சிஸ் சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று அந்தக் கோட்டையில் பிறந்தார். தந்தை யுவான் தெ யாசோ நவார் அரசவையில் உயர் பதவி வகித்தவர். கோட்டை தாய் மரியா தெ அஸ்பில்குவேத்தாவின் வழியில் வந்தது. மகன் ஆறு வயதை எட்டிய 1512இல் ஸ்பெயினின் பெர்தினாந்து மன்னர் அனுப்பிய படை நவாரைக் கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு நவாரை மீட்க நடந்த முயற்சி தோற்றதும், அதற்குத் துணைநின்ற குடும்பங்களின் கோட்டைகளை இடிக்கும்படி காஸ்தீலின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் ஆணையிட்டார். சவேரியார் குடும்பத்துக் கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் தகர்க்கப்பட்டன. அகழி மண் கொட்டி மூடப்பட்டது. குடியிருக்கும் பகுதி மட்டும் எஞ்சியது.

1521இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் படை நவாருக்குள் நுழைந்தபோது, சவேரியாரின் அண்ணன்மார் மிகேலும் யுவானும் அந்தப் படையுடன் சேர்ந்து போரிட்டனர். பம்ப்லோனா நகர் அவர்கள் பக்கம் வீழ்ந்தது. நகரின் கோட்டையை எதிர்த்தரப்பில் நின்று காத்தவர்களுள் ஒருவர் மே 20 அன்று பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தார். பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் அவர். ஜூன் 30 அன்று நோவாயினில் நடந்த போரில் பிரெஞ்சு–நவார் படை தோற்றது. அண்ணன்மார் அமாயூர் கோட்டையிலும் புவேந்தெராபியாவிலும் மேலும் சில காலம் போராடி, 1524இல் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினர்.

படைக்கலம் ஏந்தாத இளையவர் 1525இல் பாரிஸ் சென்று செயிண்ட் பார்ப் கல்லூரியில் சேர்ந்தார். சவாய் நாட்டைச் சேர்ந்த பியேர் பாவ்ர் அவருடைய அறைத்தோழர். பின்னர் அதே கல்லூரிக்கு இஞ்ஞாசியாரும் வந்து சேர்ந்தார். பம்ப்லோனாவில் எதிரெதிர் அணிகளில் நின்ற இரு தரப்பினரின் உறவு இவ்வாறு ஒரே கூரையின் கீழ் நட்பாக மாறியது. 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்ரே குன்றில் எழுவர் சேர்ந்து எடுத்த உறுதிமொழியே இயேசு சபையின் தொடக்கம். போர்த்துகல் மன்னரின் வேண்டுகோளின்படி சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6 அன்று கோவாவை அடைந்தார்.

முத்துக்குளித்துறையின் நிலை

அவர் வருவதற்கு முன்பே முத்துக்குளித்துறையின் பரதவர் கிறித்தவர்களாகி இருந்தனர். முத்துச்சிலாபத்தின் வருவாயை யார் ஆள்வது என்பதில் பரதவருக்கும் கடல்வணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் இடையே 1530களில் பகை முற்றியது. கோழிக்கோட்டு சாமூதிரியால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு அங்கே கிறித்தவரான குதிரை வணிகர் ஜோவாவோ த குரூஸ், போர்த்துகீசியரின் துணையை நாடும்படி பரதவத் தலைவர்களுக்கு யோசனை கூறினார். பட்டங்கட்டிகள் எனப்பட்ட அத்தலைவர்கள் கொச்சிக்குச் சென்று பாதுகாப்பு வேண்டினர். 1536, 1537 ஆண்டுகளில் கடலோர ஊர்கள் ஒட்டுமொத்தமாகத் திருமுழுக்குப் பெற்றன. 1538 தொடக்கத்தில் இராமேசுவரம் அருகே வேதாளையில் நடந்த கடற்போரில் மார்த்திம் அபோன்சோ தெ சோசாவின் போர்த்துகீசியப் படை, முஸ்லிம் தரப்பின் பட்டு மரைக்காரின் படையை வென்றது. அதன்பின் முத்துச்சிலாபம் போர்த்துகீசியரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து சவேரியாரைத் தன் கப்பலில் இந்தியாவுக்கு அழைத்து வந்தவரும் ஆளுநராகப் பொறுப்பேற்க வந்த இதே சோசாதான்.

திருமுழுக்குப் பெற்றும் மக்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டது இந்தக் குறையைத் தீர்க்கவே.

மணப்பாட்டில் பெயர் காலூன்றியது

1542 அக்டோபரில், கோவாவின் பயிற்சிக்கல்லூரியில் படித்த தமிழ் மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சவேரியார் மணப்பாட்டில் இறங்கியதாக வரலாறு. அவ்வூரின் கடலோர மணற்குன்றில் அதற்கு முன்பே ஒரு சிலுவை நின்றது. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்றின் முறிந்த பாய்மரத்தால் செய்து நாட்டப்பட்டது அது என்பது ஊர் மரபு. அந்தக் குன்றின் அடிவாரத்தில், கடலைப் பார்த்த பாறைக் குகை ஒன்று உள்ளது. அங்கே முன்பு சைவத் துறவி ஒருவர் வாழ்ந்ததாகவும், பின்னர் சவேரியார் தங்கிச் செபித்ததாகவும் மக்கள் சொல்கின்றனர். உப்புக்கடலுக்கு இவ்வளவு அருகிலும் குகையில் உள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. வழிபட வருவோர் அந்தத் தண்ணீரைக் குடுவைகளில் எடுத்துச் செல்வது வழக்கம். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் 1581இல் கட்டப்பட்டது. செப்டம்பர் 14இல் நிறைவடையும் அதன் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்தும் மும்பையிலிருந்தும்கூட மணப்பாட்டார் ஊர் திரும்புகின்றனர்.

சவேரியார் முதலில் செய்த வேலை மொழிவேலை. தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பரலோக மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கைமணியை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் சொல்லிக்கொடுத்தனர். நோயாளிகளின் வீடுகளுக்கு அவருக்குப் பதிலாகச் சென்று செபம் சொன்னவர்களும் அந்தச் சிறுவர்களே. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நெடுங்கடிதத்தில், ஒரே நாளில் ஓர் ஊர் முழுவதற்கும் திருமுழுக்குக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோவதையும், திரும்பத் திரும்பச் செபம் சொல்லிக் குரல் கம்மிவிடுவதையும் குறிப்பிட்டார். பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், அன்பைவிடக் கல்வியை மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்போரிடம் பித்துப் பிடித்தவனைப் போலக் கத்த வேண்டும் என்று தோன்றுவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார்.

ஊர்தோறும் ஓர் உபதேசியாரை அமர்த்தி, அவருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். முத்துக்குளித்துறையின் வருவாயில் ஆண்டுக்கு 400 பொற்காசு போர்த்துகல் அரசி கத்தரினாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையை உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுத்தரும்படி கேட்டு சவேரியார் அரசிக்கு எழுதினார், அரசியும் இசைந்தார். வெளியிலிருந்து வந்து போகும் குருவை நம்பியிராமல், ஊர்க்காரர்களே தம் மொழியில் வழிபாட்டை நடத்தும் முறை இவ்வாறு வேரூன்றியது. அவர் இக்கரையில் வாழ்ந்தது மொத்தத்தில் சில ஆண்டுகளே. ஆயினும் பெயர் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

1544: போர்களின் ஆண்டு

அந்தப் பெயரோடு இக்கரையில் பிணைந்த போர்கள் பெரும்பாலும் 1544இல் நடந்தவை. பாண்டிய நாட்டின் தெற்கில் வேணாட்டு மன்னரும் கயத்தாற்றை ஆண்ட வெட்டும்பெருமாளும் பகைமை கொண்டிருந்தனர். விஜயநகரப் பேரரசின் படையாக வந்த வடுகர் குதிரைகளோடு தெற்கு நோக்கி இறங்கினர். கடலோர மக்களுக்கு இவர்கள் எவரையும் எதிர்க்கும் படைபலம் இல்லை.

ஜூன் மாதத்தில் வடுகர் கன்னியாகுமரிப் பகுதியைச் சூறையாடினர். தப்பியவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். சோழகக் காற்று எதிர்த்து வீசும் காலம் அது. தோணிகளை இழுத்துக்கட்டியும் துடுப்புப் போட்டும் முன்னேற முடியாமல், மாதக் கடைசியில் மணப்பாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. அதன்பின் அவர் கரைவழியே நடந்து குமரிமுனையை அடைந்து, எஞ்சியிருந்த மக்களைக் கண்டார். இந்த நிகழ்ச்சிகளைத் தம் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு அவரே கடிதங்களில் விவரித்துள்ளார். அந்தக் கடிதங்களில் பல மணப்பாட்டிலிருந்தே எழுதப்பட்டவை.

செப்டம்பரில் வெட்டும்பெருமாளின் ஆட்கள் தூத்துக்குடியைத் தாக்கினர். போர்த்துகீசியத் தளபதி கோஸ்மே தெ பைவாவின் கப்பலும் வீடும் எரிந்தன. அவர் அருகிலிருந்த தீவுகளில் தஞ்சம் புகுந்தார். பரதவரைக் கசக்கிப் பணம் பறித்ததற்காகவும், எதிரிகளுக்கே குதிரை விற்றதற்காகவும் சவேரியார் பலமுறை கடுமையாகக் கண்டித்த அதிகாரி இந்த பைவா. இருந்தும், செப்டம்பர் 5 அன்று ஆலந்தலையிலிருந்து மான்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில், தாமதிக்காமல் புன்னைக்காயல் தோணிகளில் தண்ணீரும் உணவும் கொண்டுபோய் அவரைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் சவேரியார் வேணாட்டுக் கடற்கரைக்குச் சென்றார். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம், பள்ளம் போன்ற, முக்குவர் என்னும் மீனவர்களின் ஊர்களை உள்ளடக்கிய கரையில், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக எழுதினார். அவரை ‘வலிய பாதிரியார்’ என்று மக்கள் அழைத்தனர். வடுகர் படை கோட்டாறு அருகே வந்தபோது அவர் கையில் சிலுவையை ஏந்தித் தனியாக எதிரே நின்றார் என்றும், படை பின்வாங்கியது என்றும் கோட்டாற்று மரபு சொல்கிறது. அவருடைய சொந்தக் கடிதங்களில் இந்த நிகழ்ச்சி இல்லை. மக்களின் நினைவிலும் ஓவியங்களிலும் அது ஆழப் பதிந்திருக்கிறது.

இதே காலத்தில் மன்னார்த் தீவின் மக்கள் அவரை அழைத்தனர். அவர் போக முடியாமல் வேறொரு குருவை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்றவர்களில் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொல்லச் செய்தார். மன்னாரின் வேதசாட்சிகள் என்று இலங்கைக் கத்தோலிக்கர் இன்றும் நினைவுகூர்வது இவர்களையே.

1547இல் மலாக்காவை ஆச்சே கடற்படை தாக்கியபோது சவேரியார் அங்கே இருந்தார். தயங்கி நின்ற போர்த்துகீசியரை எதிரிக் கப்பல்களைத் துரத்திச் செல்லத் தூண்டினார். பெர்லிஸ் ஆற்று முகத்தில் நடந்த சண்டையில் அவர்கள் வென்றனர். ஜப்பானில் ஈராண்டுக்கு மேல் பணியாற்றியபின், சீனாவுக்குள் நுழையும் முயற்சியில் ஷாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று சவேரியார் இறந்தார். 1622 மார்ச் 12 அன்று இஞ்ஞாசியாருடன் ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார்.

ஊர்களின், ஆலயங்களின் பெயராக

புனிதர் பட்டத்துக்கு முன்பே தமிழகத்தில் அவருக்கு வழிபாட்டிடம் இருந்தது. கோட்டாற்றில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலயம் அவற்றில் முதன்மையானது. 1930இல் கோட்டாறு தனி மறைமாவட்டமானபோது அது பேராலயமாக உயர்ந்தது. நவம்பர் இறுதியில் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும் திருவிழாவில், தேர்களின் பின்னே பக்தர்கள் தரையில் விழுந்து வணங்கிச் செல்லும் கும்பிடு நமஸ்காரம் ஒரு நேர்ச்சை. உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கமும் உண்டு. இந்த நேர்ச்சைகளில் கிறித்தவர்களோடு இந்துக்களும் கலந்துகொள்கின்றனர். டிசம்பர் 3 கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை.

பாளையங்கோட்டைப் பேராலயமும் சவேரியார் பெயரில் அமைந்ததே. அங்குள்ள தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடியில் சவேரியார்புரம் என்னும் குடியிருப்பும் சவேரியார் பள்ளியும் உள்ளன. கடற்கரை ஊர்களின் தெருமுனைகளிலும் படகுத்துறைகளிலும் சவேரியார் குருசடிகள் நிற்கின்றன.

கல்வி நிறுவனங்களில் இப்பெயர் பரவியதில் பிரெஞ்சுத் தொடர்பும் உண்டு. 1773இல் கலைக்கப்பட்ட இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்டபின், 1838இல் மதுரை மறைபரப்புக்கு வந்த முதல் குழுவினர் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் தென்மாவட்டங்களில் பள்ளிகளைத் திறந்தனர். இந்தியாவின் பிற பகுதிகளில் கொல்கத்தாவில் 1860இலும் மும்பையில் 1869இலும் சேவியர் கல்லூரிகள் தோன்றின. இவற்றால் ஆங்கில ஒலிப்பான ‘சேவியர்’ பள்ளிப் பதிவேடுகள் வழியே தமிழ்க் குடும்பங்களுக்குள் வந்தது. ‘சவேரியார்’ என்ற பழைய வடிவம் கோயிலிலும் பேச்சிலும் தொடர்ந்தது. இன்று ஒரே வீட்டில் தாத்தா சவரிமுத்துவாகவும் பேரன் சேவியராகவும் இருப்பது இயல்பு.

கடல் கடந்த நாடுகளில்

பிரெஞ்சு மொழி பேசும் உலகிலும் பெயர் ஊராகவும் ஆளாகவும் பரவியது. பாரிசின் ஏழாம் வட்டாரத்தில் பிரான்சுவா சவியே பெயரில் ஓர் ஆலயமும் மெட்ரோ நிலையமும் உள்ளன. உடற்கூற்றியலில் திசுக்களைப் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட மருத்துவர் சவியே பிஷா (1771–1802) இப்பெயரினர். ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுத் தரப்பில் சாக்சனிப் படைப்பிரிவை நடத்திய இளவரசரின் பெயரும் சவேரியே.

கனடாவின் மனித்தோபா மாநிலத்தில் செயிண்ட் பிரான்சுவா சவியே என்ற ஊர், பிரெஞ்சு–பூர்வகுடிக் கலப்பு மரபினரான மெத்தி மக்களின் குடியிருப்பு. எருமை வேட்டைக்குச் சென்ற அவ்வூர் மெத்தியர், 1851 ஜூலையில் கிராண்ட் கோத்தோ என்னும் இடத்தில் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய சூ இனப் படையை, வண்டிகளை வட்டமாக நிறுத்தி அதன் நடுவிலிருந்து எதிர்த்துத் தாக்குப்பிடித்தனர். அமெரிக்காவின் அரிசோனாவில் 1692இல் தொடங்கிய சான் சவியேர் தெல் பாக் மடம் இன்றும் ஓதம் பழங்குடியினரின் ஆலயம். நவாரிலேயே பிறந்த பிரான்சிஸ்கோ சவியேர் மினா முதலில் நெப்போலியனின் படையை எதிர்த்துக் கொரில்லாப் போர் நடத்தினார். பின்னர் மெக்சிகோ விடுதலைக்காகப் போராடி 1817 நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தமிழ் ஆட்பெயராக

பரதவர் திருமுழுக்கின்போது பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, கொரேரா, மிராந்தா போன்ற போர்த்துகீசியக் குடும்பப் பெயர்களை ஏற்றனர். அவை பெரும்பாலும் ஞானத்தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் பெயர்கள். சவேரி என்ற பெயர் வேறு வழியில் வந்தது. புனிதரின் பாதுகாப்பை வேண்டிப் பிள்ளைக்கு விரும்பி வைத்த சொந்தப் பெயர் அது. எனவே குடும்பப் பெயர்களைப்போல வெளி வடிவிலேயே நிற்காமல், தமிழ்ப் பெயரிடும் முறைக்குள் முழுவதுமாகக் கலந்தது. சவரிமுத்து, சவரியப்பன், சவரிநாதன், சவரிராயன் என்று ஆண்களுக்கும், சவேரியம்மாள், சவரியம்மாள் என்று பெண்களுக்கும் வழங்கியது. கடற்கரையைத் தாண்டி உள்நாட்டு வேளாண் ஊர்களுக்கும் காவிரிக்கரைக்கும் புதுச்சேரிக்கும் பரவியது.

அப்பெயர் தாங்கியவர்களில் சிலர் தமிழ்க் கல்வி வரலாற்றில் இடம்பெற்றவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்களுள் ஒருவர் சவேரிநாத பிள்ளை. திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவச் சூழலில் பாடம் கேட்ட இந்தக் கிறித்தவர், 1876இல் மறைந்த ஆசிரியரின் கடைசி நாள்களில் உடனிருந்து பணிவிடை செய்தார். அவருடைய ஆசிரிய பக்தியை உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் நெகிழ்ந்து போற்றியுள்ளார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்டிதர் சவரிராயர், தமிழர் தொன்மை குறித்த ஆய்வுக்கென ‘தமிழியன் ஆன்டிகுவரி’ என்ற ஆங்கில இதழைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடத்தினார்.

இவர்களுள் முத்துக்குளித்துறையோடு நெருங்கியவர் சேவியர் தனிநாயகம் அடிகள். 1913 ஆகஸ்டு 2 அன்று யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தார். உரோமையில் படித்துக் குருவாகி, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, 1940 முதல் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த அவர் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றது அங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952 முதல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தினார்.

சவேரியார் தொடங்கிய மொழிவேலையின் தொடர்ச்சியான பழைய அச்சுநூல்களை உலகுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ உரோம எழுத்தில் அமைந்த தமிழ்ச் செபநூல். வின்சென்ட் த நசரே, ஜார்ஜ் கர்வால்யோ, தோமா த குரூஸ் என்ற தமிழர் மூவர் அதை உருவாக்கினர். தமிழ் எழுத்திலேயே அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது. அதைத் தமிழாக்கிய அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் பல்லாண்டு வாழ்ந்தவர். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் முத்துக்குளித்துறையில் அச்சிடப்பட்டது. தனிநாயகம் அடிகள் 1950களில் லிஸ்பனில் ‘கார்த்தில்யா’வைக் கண்டு அதைப் பற்றி எழுதினார். 1679இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை 1966இல் படிநகலாக மறுபதிப்புச் செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததில் அவருடைய உழைப்பே முதன்மையானது. 1980 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாணத்தில் அவர் மறைந்தார்.

நவாரில் இப்பெயருக்கு உரிய கோட்டை அரசியல் பகையால் இடிக்கப்பட்டது. இன்று காணப்படுவது பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டியது. முத்துக்குளித்துறையில் பெயரைக் காத்தவர்கள் அரசரோ தளபதியோ அல்லர். செபம் கற்ற சிறுவர்கள், ஊர் உபதேசியார்கள், தண்ணீர் ஏற்றிய தோணிக்காரர்கள், பிள்ளைக்குச் சவரிமுத்து என்று பெயரிட்ட தாய்மார்கள் ஆகியோரே அதைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெயராக்கினர். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரையை ஆண்டு நீங்கியபின்னும் அப்பெயர் வழக்கொழியாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே.